வெர்னர் ஹாஸ் 1954க்கு அப்புறம் ஏன் ஓட்டல?

கேள்வி:
பைக் ரேஸ் வேர்ல்டு சாம்பியன்ஷிப்போட பழைய சாம்பியன் லிஸ்ட்டைப் பாத்துட்டு இருந்தேன். 1953ல 125 சிசி, 250 சிசி ரெண்டுலயும் வெர்னர் ஹாஸ், 1954ல திரும்பவும் 250 அவரேதான், ஜெர்மன்காரர், என்எஸ்யூ பைக். 1955ல பேரே காணோம்! வயசு முப்பதுகூட ஆகல. அடி பட்டுச்சா, இல்ல டீம்ல சண்டையா?

ரேஸ் ரசிகன்:
ரெண்டும் இல்லைங்க, என்எஸ்யூ கம்பெனியே ரேஸை விட்டுடுச்சு. 1954 செப்டம்பர்ல இத்தாலியில மான்ஸா டிராக்ல நடந்த பிராக்டிஸ்ல அவர் டீம்மேட் ரூபர்ட் ஹொல்லவுஸ் விழுந்து இறந்துட்டார், ஆஸ்திரியாக்காரர், அந்த வருஷம் 125ல முதல் நாலு ரேஸையும் ஜெயிச்சு டைட்டிலைக் கையில வெச்சிருந்த மனுஷன். இறந்தப்புறம் சாம்பியன் ஆன பைக் ரேஸர் இன்னிக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான். என்எஸ்யூ அந்த ரேஸை ஓட்டாமலே கிளம்பிடுச்சு, அடுத்த சீசனுக்கு ஃபேக்டரி டீமே இல்ல. ஹாஸும் அதோட நிறுத்திட்டார்.

இரட்டைச் சிலிண்டர்:
அவர் ஆரம்பிச்ச கதையையும் சேர்த்துச் சொல்லணும். போர் முடிஞ்சு 1951 வரைக்கும் ஜெர்மன்காரங்களை இன்டர்நேஷனல் ரேஸ்ல சேக்கவே இல்ல, 1949ல வேர்ல்டு சாம்பியன்ஷிப் தொடங்குனப்போ அவங்க வெளியதான் நின்னாங்க. 1952ல ஸ்டுட்கார்ட் பக்கம் சாலிட்யூட்ல ஜெர்மன் கிராண்ட் பிரி (வேர்ல்டு சாம்பியன்ஷிப்ல ஒரு ரேஸ்), என்எஸ்யூ ரைடருங்க அடிபட்டுக் கெடந்ததால ஆக்ஸ்பர்க் ஆளான ஹாஸை மாத்தாளா 125ல ஏத்திவிட்டாங்க, அந்த முதல் கிராண்ட் பிரியிலயே மான்டியல், எம்வின்னு இத்தாலி கம்பெனி பைக் எல்லாத்தையும் தாண்டி ஜெயிச்சுட்டார்! மறு வருஷம் ரெண்டு டைட்டில், பைக் ரேஸ்ல ஜெர்மனியோட முதல் வேர்ல்டு சாம்பியன். ஒரே வருஷத்துல 125, 250 ரெண்டையும் அவருக்கு முன்னாடி யாரும் எடுத்ததில்ல. அந்த வருஷ ஜெர்மன் சிறந்த விளையாட்டு வீரரும் அவர்தான்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஆனா பைக் அவ்வளவு வேகமா இருந்தா யார் ஓட்டினாலும் ஜெயிச்சிருப்பாங்களோ?

இரட்டைச் சிலிண்டர்:
அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். என்எஸ்யூவோட 250 ரேஸ் பைக் ரென்மேக்ஸ் வேகமான வண்டிதான், மறுக்கல, 1955ல ஃபேக்டரி டீமே இல்லாம ஹெச்.பி. முல்லர் 45 வயசுல என்எஸ்யூ ஸ்போர்ட்மேக்ஸை வெச்சு 250 டைட்டில் எடுத்தார்னா வண்டி எப்படின்னு தெரியும். ஆனா பிரிட்டன் பக்கத்துத் தீவான ஐல் ஆஃப் மேன்ல நடக்கற ரேஸை எடுத்துக்குங்க, ஒரு லேப் 60 கிலோமீட்டர், ஊருக்குள்ள மதில் ஓரமா ஓடுற ரோடு, வருஷக்கணக்கா ஓட்டுனவங்களுக்கே பிடிபடாது. 1953ல ஹாஸ் அங்க 125, 250 ரெண்டுலயும் ரெண்டாவது வந்தார், 1954ல 250ஐ ஜெயிச்சே காட்டினார். அந்த சீசன்ல 250ல முதல் அஞ்சு ரேஸும் அவருக்குத்தான், அதே வண்டியில வேற நல்ல ரைடருங்களும் இருந்தாங்களே! ஹோண்டா கம்பெனியைத் தொடங்குன சோய்சிரோ ஹோண்டாவே அந்த வருஷம் ஐல் ஆஃப் மேன் வந்து என்எஸ்யூ ஓடுறதைப் பாத்துட்டுப் போனவர்தான்.

கேள்வி கேட்டவர்:
சரி, ஏத்துக்கறேன். அப்புறம் அவர் என்ன ஆனார்?

ரேஸ் ரசிகன்:
1956 நவம்பர் 13, ஜெர்மனியில நியூபர்க் பக்கத்துல சின்ன விமானம் விழுந்து போயிட்டார். 29 வயசு. மொத்தம் 11 கிராண்ட் பிரி வெற்றி, எல்லாமே மூணே சீசன்ல.

கேள்வி கேட்டவர்:
இதை எதிர்பார்க்கல, மனசு கஷ்டமா இருக்கு. அந்த சாலிட்யூட் ரேஸ் போட்டோ யார்கிட்டயாவது இருந்தா போடுங்களேன்.