உதவி: ஐஜிஐ 10வது மிஷன் வரை வந்தேன், இன்று திறந்தால் 4ல் நிற்கிறது

கொருக்குப்பேட்டை கேட் | ஞாயிறு இரவு 11.20

ப்ராஜெக்ட் ஐஜிஐ, எதிரி முகாமுக்குள் பதுங்கிப் போய்ச் சுடும் கம்ப்யூட்டர் கேம், 2000ல் வந்த முதல் பாகம். மொத்தம் 14 மிஷன். நேற்று வரை 9 முடித்து 10வதைத் திறந்து வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் பார்த்தால் 4வது மிஷனில் நிற்கிறது. நான் போட்ட பெயர் அப்படியே இருக்கிறது. முதல் 3 மிஷன் முடித்த கணக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் 2 வாரம் உட்கார்ந்து முடித்த 6 மிஷன் மட்டும் போன இடம் தெரியவில்லை.

ஆடியவர்களுக்குத் தெரியும், இந்த கேமில் மிஷனுக்கு நடுவே சேவ் கிடையாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய் கடைசிக் கதவருகே செத்தால், மறுபடி வேலிக்கு வெளியே முதலிலிருந்துதான். 6 மிஷனுக்கு எத்தனை ராத்திரி போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2003ல் ஒன்பதாவது படித்தபோது டி.எச். ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். மணிக்கு 20 ரூபாய். நானும் என் நண்பனும் ஆளுக்கு 10 போட்டு, ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்காருவோம். கீபோர்டு எனக்கு, மவுஸ் அவனுக்கு. நடப்பது, குனிவது, கதவு திறப்பது எல்லாம் நான். பார்ப்பதும் சுடுவதும் அவன். தோளால் இடித்தான் என்றால் நில் என்று அர்த்தம். முதல் மிஷனே ட்ரெயின்யார்டு. தண்டையார்பேட்டை கூட்ஸ் யார்டு பக்கத்தில் வளர்ந்த பசங்களுக்கு வேகன் சந்தில் ஒளிய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் 5வது மிஷனைத் தாண்டியதே இல்லை. கேம் நடுவில் நிறுத்த விடாது, ஒரு மணி நேரமும் நமக்காக நிற்காது. சென்டர் அண்ணன் வந்து நாற்காலி முதுகைத் தட்டுவார், எழுந்துவிடுவோம்.

அவன் இப்போது துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். 13 வரை நான் முடித்து வைக்கிறேன், 14வதைப் பழையபடி சேர்ந்து ஆடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு அவனுக்கு லீவு.

லேப்டாப் விண்டோஸ் 11. பழைய சிடிதான், வெளியே செருகும் சிடி டிரைவைக் கடன் வாங்கி ஏற்றினேன். இன்று திரையில் கோடு கோடாக ஓடியது. அண்ணன் மகன் எதையோ செய்து திறந்து கொடுத்தான். கோடு போகவில்லை, மிஷன்தான் போய்விட்டது. எங்கே தேடுவது?

வியாசர்பாடி வடக்கு | ஞாயிறு இரவு 11.52

ஆன்டிவைரஸ் தூக்கியிருக்கலாம் ப்ரோ, அது சந்தேகப்பட்ட ஃபைல்களை ஒதுக்கி வைக்கிற க்வாரன்டைனில் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால், எல்லா மிஷனும் திறந்திருக்கிற கான்ஃபிக் ஃபைலை (கேம் தன் கணக்கை எழுதி வைக்கிற ஃபைல்) நெட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து கேம் ஃபோல்டரில் போட்டால் நேராக 10ல் தொடரலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க அதுதான் சுலபம்.

கொருக்குப்பேட்டை கேட் | திங்கள் அதிகாலை 12.10

க்வாரன்டைனில் ஒன்றும் இல்லை ப்ரோ. அந்த ஃபைல் வேண்டாம். அதைப் போட்டால் 14ம் சேர்ந்தே திறந்திருக்கும், அப்புறம் நான் எதை முடித்தேன் என்று அவனிடம் சொல்வது? வேறு வழியே இல்லை என்றால் 4ல் இருந்து மறுபடி ஆடுகிறேன்.

மின்ட் மணிக்கூண்டு | திங்கள் காலை 7.05

மறுபடி ஆட வேண்டாம். அவசரப்பட்டு அன்இன்ஸ்டாலும் செய்யாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன். உங்கள் 6 மிஷனும் அந்த லேப்டாப்பிலேயேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றே கேள்வி. கேம் எந்த ஃபோல்டரில் ஏறியிருக்கிறது? முதல் 3 மிஷன் ஆடியபோது வலது கிளிக் செய்து அட்மினாக, அதாவது முழு அதிகாரம் கொடுத்துத் திறந்தீர்களா, டபுள் கிளிக்கா? நேற்று அண்ணன் மகன் எப்படித் திறந்தார்?

கொருக்குப்பேட்டை கேட் | திங்கள் காலை 8.40

ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள்தான் ஏறியிருக்கிறது, நான் எதையும் மாற்றவில்லை. முதல் வாரம் அட்மினாகத்தான் திறந்தேன், பழைய கேமுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எங்கோ படித்தேன். ஒரு நாள் மறந்துபோய் டபுள் கிளிக் செய்தேன், நன்றாகவே ஓடியது, அதிலிருந்து டபுள் கிளிக்தான். பையனை எழுப்பிக் கேட்டேன். அட்மினாகத் திறந்தானாம்.

மின்ட் மணிக்கூண்டு | திங்கள் காலை 9.15

அப்படியானால் ஒன்றும் தொலையவில்லை. நிம்மதியாக வேலைக்குப் போங்கள், ராத்திரி செய்துகொள்ளலாம்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து கேம்கள் தங்கள் கணக்கைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிக்கொள்ளும். விண்டோஸ் 98ல் அதைத் தடுப்பார் இல்லை. 2007ல் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது, ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணமாகத் திறந்த எதுவும் எழுதக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். வெறுமனே பூட்டினால் பழைய சாஃப்ட்வேர் பாதி படுத்துவிடும். அதனால் விண்டோஸ் ஒரு ஏற்பாடு செய்தது. பழைய புரோகிராம் எழுத வந்தால், சரி என்று வாங்கிக்கொண்டு, உங்கள் யூசர் ஃபோல்டரில் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் அதை எழுதி வைக்கும். அடுத்த முறை படிக்க வந்தால் முதலில் அங்கே பார்க்கும், அங்கே இல்லையென்றால்தான் ப்ரோக்ராம் ஃபைல்ஸில் உள்ள அசலைக் கொடுக்கும். கேமுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அட்மினாகத் திறந்தால் இந்த மாற்றுப்பாதையே கிடையாது, படிப்பதும் எழுதுவதும் நேராக அசலில்தான்.

முதல் வாரம் அட்மின், எனவே 3 மிஷன் அசலில் பதிந்தது. அப்புறம் டபுள் கிளிக். விர்ச்சுவல்ஸ்டோர் அன்று காலியாக இருந்ததால் அசலைப் படித்தது, நீங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது, அதனால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. அதற்குப் பிறகு முடித்த 6ம் விர்ச்சுவல்ஸ்டோரில் பதிந்தது. நேற்று பையன் அட்மினாகத் திறந்தார், அசல் வந்து நின்றது. அவர் மேல் தப்பில்லை.

இப்போது செய்ய வேண்டியது. கேமை மூடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லுங்கள். சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று உள்ளே போனால் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் மாதிரியே ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் கேமின் பெயரும், அதில் சில ஃபைல்களும் இருக்கும். முதலில் அதையும் அசல் கேம் ஃபோல்டரையும் தனித்தனியாக ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். தேதியைப் பார்த்து எது புதுசு என்று முடிவு செய்யாதீர்கள். நேற்று அட்மினாகத் திறந்து மூடியதில் அசலின் தேதியும் புதிதாகியிருக்கலாம், அதை நம்பித்தான் நிறையப் பேர் நல்ல ஃபைலை அழித்துவிடுகிறார்கள். விர்ச்சுவல்ஸ்டோரில் இருப்பதுதான் உங்கள் 10வது மிஷன்.

பிறகு கேம் ஃபோல்டர் மொத்தத்தையும் டி டிரைவுக்கோ, சி டிரைவிலேயே கேம்ஸ் என்று புது ஃபோல்டர் போட்டு அதற்கோ காப்பி செய்யுங்கள். விர்ச்சுவல்ஸ்டோரில் கிடைத்த ஃபைல்களை அதற்குள் அதே இடத்தில் வைத்து, பழையதை மாற்றவா என்று கேட்டால் ஆம் கொடுங்கள். இனிமேல் அங்கிருந்தே திறங்கள். அங்கே பூட்டு இல்லை, எப்படித் திறந்தாலும் ஒரே கணக்குதான்.

கொருக்குப்பேட்டை கேட் | திங்கள் இரவு 10.32

கிடைத்துவிட்டது!!! ஃபைலின் மேல் சனிக்கிழமை அதிகாலை 12.48 என்று இருந்தது. 9வது முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கடிகாரம் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, அதே நேரம். புது ஃபோல்டரில் வைத்துத் திறந்தேன், 10வது மிஷன் வந்து நின்றது. அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

கோடு மட்டும் இன்னும் ஓடுகிறது. மெனுவில் மவுஸும் இழுத்து இழுத்து வருகிறது.

ராயபுரம் 1856 | திங்கள் இரவு 11.04

அதற்கு டிஜிவூடூ2 போடுங்கள் தம்பி, இலவசம்தான். கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேசுகிற பாஷைக்கு டைரக்ட்எக்ஸ் என்று பெயர். இந்த கேம் பேசுவது அதன் பழைய வடிவம், இன்றைய கிராபிக்ஸ் டிரைவர்கள் அதை அரைகுறையாகத்தான் கவனிக்கின்றன. டிஜிவூடூ நடுவில் உட்கார்ந்து அதை டைரக்ட்எக்ஸ் 11க்கு மொழிபெயர்க்கும். அதை எழுதியவரின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். ஜிப்புக்குள் எம்எஸ் என்ற ஃபோல்டர், அதில் எக்ஸ்86, அதற்குள் இருக்கிற டிஎல்எல் ஃபைல்களை ஐஜிஐயின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போட வேண்டும். கன்ட்ரோல் பேனலையும் அங்கேயே வைத்துத் திறந்து, திரை அளவில் நீள அகல விகிதத்தை மாற்றாமல் பெரிதாக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். இது சதுரத் திரை காலத்து கேம், இழுத்து நிரப்பினால் ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள், தூரத்துக் குறி கணக்கே மாறிவிடும்.

எண்ணூர் கழிமுகம் | செவ்வாய் காலை 6.50

மிஷன் திரும்பக் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இந்த கேம் இன்றைக்குத் தாங்குகிறதா? போன மாதம் நானும் ஆசையாகத் திறந்தேன், 4வது மிஷனோடு விட்டுவிட்டேன். ஒருவனைச் சுட்டால் பக்கத்தில் நிற்பவன் அசையாமல் நிற்கிறான். எங்கோ கோபுரத்தில் இருப்பவன் மட்டும் குனிந்து போகிறவனைக் கண்டுபிடிக்கிறான். சேவ் இல்லாததைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், அதே கம்பெனி 2003ல் இரண்டாம் பாகத்தில் மிஷனுக்குள் சேவ் கொடுத்துவிட்டதே. 2001ல் வந்த இன்னொரு துப்பாக்கி கேம் மேக்ஸ் பெய்னை மறுபடி முடித்தேன், அது இன்றும் அப்படியே இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட் | செவ்வாய் இரவு 9.45

கோபமே இல்லை அண்ணா. சிப்பாய்களைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, அதில் வாதாட ஒன்றுமில்லை. அலாரம் அடித்துவிட்டால் சிப்பாய்கள் தங்கும் பாரக்கிலிருந்து ஆள் வந்துகொண்டே இருப்பதும் எரிச்சல்தான்.

ஆனால் அந்த நிலத்தைப் பாருங்கள். இன்னர்லூப் கம்பெனி 1997ல் ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர் என்று ஒரு விமான கேம் செய்தது. அதை ஓட்டிய அடிப்படை சாஃப்ட்வேரான எஞ்சினில்தான் இதையும் கட்டினார்கள். விமானத்துக்கு வேண்டிய தூரம் நடக்கிறவனுக்குக் கிடைத்திருக்கிறது. மலைமேல் நின்றால் கேம்ப் மொத்தமும் தெரியும், தெரிகிற எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். அந்தக் காலத்தில் மற்ற துப்பாக்கி கேம்கள் பெரும்பாலும் நடைபாதைக்குள்தான் ஓடின.

இந்த முறை 8வது மிஷனில் 20 நிமிடம் பைனாகுலரை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். கோபுரம் எத்தனை, கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, ரோந்து போகிறவன் எந்த மூலையில் முதுகைக் காட்டுகிறான் என்று ஒரு பழைய கரன்ட் பில்லின் பின்பக்கம் படம் போட்டேன். அப்புறம் இறங்கிப் போனேன். அலாரம் அடிக்கவே இல்லை. சென்டரில் ஆடியபோது பைனாகுலரை எடுத்ததே கிடையாது. 20 ரூபாய் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் மலைமேல் நின்று எண்ணிக்கொண்டிருப்பது? வேலியைத் தாண்டி ஓடுவோம், அலாரம் அடிக்கும், சாவோம். கேம் கஷ்டம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நாங்கள் அதை அதன் வேகத்தில் ஆடியதே இல்லை.

சேவ் விஷயம். மேக்ஸ் பெய்னை நானும் இந்த வருஷம் முடித்தேன், அருமையான கேம். ஆனால் ஒவ்வொரு அறைக்கும் முன்னால் சேவ், ஒருவனைச் சுட்டதும் சேவ் என்று கை தானாகப் போனது. எந்த அறையும் மனதில் தங்கவில்லை. ஐஜிஐயில் 8வது மிஷனின் ஒவ்வொரு வேலிக்கம்பமும் எனக்குத் தெரியும். வேலை, குழந்தை என்று ஓடுகிறவர்களுக்கு முக்கால் மணி நேரம் வீணானால் எப்படி வலிக்கும் என்று புரிகிறது. இரண்டாம் பாகத்தில் எண்ணிக் கொடுத்த சேவ் நியாயமான வழிதான். முதல் பாகத்திலும் மிஷனுக்கு ஒன்று கொடுத்திருக்கலாம். ஒன்றே ஒன்று.

எண்ணூர் கழிமுகம் | புதன் காலை 6.30

பைனாகுலரை நானும் எடுக்கவில்லை. இந்த வாரக் கடைசியில் 4வது மிஷனை அப்படி ஒரு தடவை பார்க்கிறேன்.

கொருக்குப்பேட்டை கேட் | சனி இரவு 11.58

13 முடிந்தது. டிஜிவூடூ போட்ட பிறகு ஒரு கோடுகூட இல்லை, மவுஸும் சரியாகிவிட்டது. ராயபுரம் அண்ணனுக்கு நன்றி. மின்ட் அண்ணா சொன்னபடி தினமும் மூடும்போது ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுகிறேன்.

நாளைக் காலை ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வருகிறான். லேப்டாப் கீபோர்டில் இரண்டு பேர் கை நுழையாது என்பதால் ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கி வைத்திருக்கிறேன். மேசைக்கு முன்னால் நாற்காலிக்குப் பதில் பெஞ்ச் போட்டாயிற்று. 14வது மிஷனை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் என்ன வரும் என்று யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள்.