உதவியில்லாமல் 4,000 கிலோமீட்டர்: கோல்பிங்கர் ஜெயித்தது எப்படி?

கோவை_ரைடர்:
வணக்கம். 600 பி.ஆர்.எம். (600 கி.மீ. தூரத்தைக் கெடு நேரத்துக்குள் முடிக்கும் சைக்கிள் சவாரி) முடித்திருக்கிறேன். அடுத்து என்ன என்று தேடும்போது, வெளி உதவியில்லாமல் ஓட்ட வேண்டிய 4,000 கி.மீ. சைக்கிள் பந்தயமான 2019 டிரான்ஸ்கான்டினென்டல் ரேஸ் பற்றிப் படித்தேன். பல்கேரியாவின் பர்காஸிலிருந்து பிரான்ஸின் பிரெஸ்ட் வரை. ஃபியோனா கோல்பிங்கர் என்ற 24 வயது ஜெர்மன் பெண், ஆண்களையும் சேர்த்து எல்லோருக்கும் முன்னால் வந்திருக்கிறார். இதில் இரண்டு சந்தேகம். "உதவியில்லாமல்" என்றால் எதுவரை? ரூம் போட்டால்கூட உதவிக் கணக்கில் வருமா? அப்புறம், உடல் பலத்தில் முன்னால் இருக்கும் ஆண்களை அவர் எப்படி முந்தினார்?

நெடுஞ்சாலை:
ரூம் போடலாம், ஹோட்டலில் சாப்பிடலாம், வழியில் இருக்கிற சைக்கிள் கடையில் செயின் மாற்றலாம். காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற எதுவும் சரிதான். நண்பர் வீட்டில் படுப்பது, காரில் ஒருவர் பின்னாலேயே வந்து சாப்பாடு தருவது, இன்னொருவர் சக்கரத்தை ஒட்டிக் காற்று மறைவில் ஓட்டுவது எல்லாம் கூடாது. இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தூரம் கூடக் கூடப் பெண்கள்தான் தாங்குவார்கள். வலியைப் பொறுக்கும் சக்தி அவர்களுக்கு இயற்கையிலேயே அதிகம்.

ரைன்கரை:
விதிகளைப் பற்றி நெடுஞ்சாலை அண்ணா சொன்னது சரி. அந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் ஜெர்மனியில் இருக்கிறேன், இங்கே நீண்ட தூரப் பந்தயங்கள் ஓட்டுகிறேன். 2019 ஆகஸ்டில், போட்டியாளர்கள் இருக்கும் இடத்தை நேரலையில் காட்டும் இணைய வரைபடத்தில் கோல்பிங்கருடைய புள்ளி நகர்வதை ஆபீஸ் வேலைக்கு நடுவே பார்த்துக்கொண்டே இருந்தவள். "இயற்கை கொடுத்தது" என்று சொல்லிவிட்டால் அவர் செய்த வேலை காணாமல் போய்விடுகிறது.

கோவை_ரைடர், கணக்கைப் பாருங்கள். அவர் எடுத்த நேரம் 10 நாள் 2 மணி 48 நிமிடம். தூக்கம், சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து சராசரி மணிக்குப் பதினாறரை கி.மீ. வருகிறது. உங்கள் 600-க்கு 40 மணி நேரக் கெடு, அதாவது மணிக்கு 15. வேகம் உங்களுக்குப் புதிதில்லை. அதை ஆல்ப்ஸ் மலையேற்றங்களோடு பத்து நாள் விடாமல் தொடர்வதுதான் கஷ்டம். இந்தப் பந்தயத்தில் கடிகாரம் நிற்பதே இல்லை. நீங்கள் தூங்கும்போதும் ஓடும்.

இரண்டாவதாக வந்த பென் டேவிஸ் பத்து மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். பத்து நாளுக்குப் பங்கு போட்டால் நாளைக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் எங்கே போகும் என்று நீண்ட தூரம் ஓட்டிய யாருக்கும் தெரியும். பெட்ரோல் பங்கில் நின்று சார்ஜர் தேடுவோம், என்ன வாங்குவது என்று யோசிப்போம், ரெயின் ஜாக்கெட் பையின் அடியில் கிடக்கும், உட்கார்ந்தால் எழ மனம் வராது. மிதிக்காத அந்த நிமிடங்களில்தான் இடங்கள் மாறுகின்றன. அவர் தினமும் நான்கு மணி நேரம் போலத் தூங்கினார். அப்படிப்பட்ட பந்தயம் அவருக்கு அதுதான் முதல் தடவை. ஹைடல்பர்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். ஆல்ப்ஸில் பந்தயத்தின் சோதனைச் சாவடி இருந்த ஹோட்டலில் ஒரு பியானோ இருந்தது. முன்னணியில் இருந்துகொண்டே அதில் உட்கார்ந்து வாசித்தார்! அந்த நிதானத்தை நான் ரொம்ப மதிக்கிறேன்.

இன்னொருவரையும் படியுங்கள். அலாஸ்காவின் லேல் வில்காக்ஸ், 2016-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ் ஆம் பந்தயத்தில் மொத்தத்தில் முதலிடம். கடைசி இரவில், அதுவரை முன்னால் இருந்தவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த திசையிலேயே திரும்பிப் போக, எதிரே இவர் வந்தார். சேர்ந்தே முடிக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, இது பந்தயம் என்று சொல்லிவிட்டு முழு மூச்சாக மிதித்தார் லேல்.

கோவை_ரைடர்:
நன்றி அக்கா, மிதிக்காத நேரத்தை நான் கணக்கு வைத்ததே இல்லை. கைவிரல் மரத்துப்போவதற்கு என்ன செய்கிறீர்கள்? 600 முடிந்ததும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பல நாள் உணர்ச்சியே இல்லை. பொத்தான் போட முடியவில்லை.

ரைன்கரை:
அது உள்ளங்கையின் ஓரமாக ஓடும் அல்நார் நரம்பு அழுந்துவதால் வருவது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இது சகஜம் என்றாலும் சும்மா விடாதீர்கள். ஏரோ பார் (ஹேண்டில்பாரில் முன்பக்கமாக நீட்டிப் பொருத்தும் கம்பி) போடுங்கள். முழங்கையை அதில் ஊன்றிக்கொண்டால் உள்ளங்கைக்கு ஓய்வு கிடைக்கும், வேகத்துக்காக மட்டும் இல்லை அது. ஹேண்டில்பாரில் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றுங்கள். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பின் பாரமெல்லாம் கைக்கு வந்துவிடும், அதையும் பாருங்கள். உணர்ச்சி முழுதாகத் திரும்பாவிட்டால் டாக்டரிடம் காட்டாமல் அடுத்த 600 வேண்டாம்.

அடுத்த ரைடில் மீட்டரில் மொத்த நேரத்தையும் ஓடிய நேரத்தையும் ஒரே திரையில் வைத்து ஓட்டுங்கள். முடித்ததும் இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.