எம்.எஸ்.சி. முடிச்சவனுக்கு ஒன் பை எக்ஸ் (1/x) தெரிய வேணாமா?

காட்பாடி வாத்தி:
கணக்குல பி.எச்.டி. சேர ஆர்வம் போதும், மிச்சத்தை வந்து கத்துக்கலாம்னு நேத்து ஒரு மகான் எழுதியிருந்தார். போன வாரம் நான் நேர்காணல்ல உட்கார்ந்திருந்தேன். எம்.எஸ்.சி.ல 82 சதவீதம் வாங்கின பையன். கன்டினியூயஸா, அதாவது கோடு எங்கயும் அறுபடாம இருக்கணும், ஆனா யூனிஃபார்ம்லி கன்டினியூயஸா, அதாவது ரொம்பக் கிட்ட இருக்கிற புள்ளிங்கள்ல மதிப்பு எங்கயும் பெருசாத் தாவாம இருக்கக்கூடாது, அப்படி ஒரு ஃபங்ஷன் (சார்பு) சொல்லுப்பான்னேன். மார்க்கர் மூடியைக் கழட்டுறான், மாட்டுறான், திரும்பக் கழட்டுறான். அஞ்சு நிமிஷம்! 0க்கும் 1க்கும் நடுவுல ஒன் பை எக்ஸ், அவ்ளோதான்யா!

சத்துவாச்சாரி சிங்கம்:
அந்த மகான் நான்தான். பி.எச்.டி. விளம்பரத்துல கணக்குல மெஷர் தியரி, டோபாலஜி, கம்ப்யூட்டர்ல பைத்தான், லேட்டெக், கூடவே ரெண்டு பேப்பர் (வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை) வேணும்னு போடுறீங்களே, அதைப் பத்தி வாயே திறக்கல? 2022 யூ.ஜி.சி. விதியில தீசிஸ் கொடுக்கவே பேப்பர் கட்டாயம் இல்ல. உள்ள நுழையறதுக்கே ரெண்டா?

காட்பாடி வாத்தி:
பேப்பர் நானா கேட்டேன்? ஒன் பை எக்ஸ் கேட்டேன்.

திருவலம் பாசஞ்சர்:
கணித மேதை ராமானுஜன் எஃப்.ஏ.ங்கிற அந்தக் காலத்து காலேஜ் பரீட்சையில பெயில். மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1913ல டிகிரி இல்லாத ஆளுக்கு மாசம் 75 ரூபா கொடுத்து ஆராய்ச்சி பண்ணச் சொல்லுச்சு. உங்ககிட்ட வந்திருந்தா மார்க்கர் மூடியைக் கையில கொடுத்து அனுப்பியிருப்பீங்க.

காட்பாடி வாத்தி:
வந்துட்டாருய்யா ராமானுஜனைத் தூக்கிகினு. அவர் நோட்டு நோட்டா எழுதிகினு வந்தார். இவன் கைடு மனப்பாடம் பண்ணிட்டு வந்தான்.

திருவலம் பாசஞ்சர்:
ப்ரூஃப்னா இன்னான்னே அவருக்குத் தெளிவாத் தெரியாதுன்னு அவரை கேம்பிரிட்ஜுக்குக் கூப்பிட்ட கணக்கு மேதை ஹார்டியே எழுதியிருக்கார். அப்படியும் கூப்டுகினார் இல்ல?

காட்பாடி வாத்தி:
நீங்க ஹார்டி இல்ல, அவன் ராமானுஜன் இல்ல. ஒன் பை எக்ஸ்ல எக்ஸை 1/2, 1/3, 1/4ன்னு வெச்சா புள்ளிங்க கிட்ட கிட்ட வருது, அங்க ஃபங்ஷன் மதிப்பு 2, 3, 4ன்னு ஒவ்வொண்ணாத் தாவுது. எட்டாவது பையனுக்கே காட்டலாம்.

பாலாறு மணல்:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், ஒன் பை எக்ஸ் தெரியாத எம்.எஸ்.சி. வேலூருக்கு நாலாவது சேர்ந்துச்சு 😂

சத்துவாச்சாரி சிங்கம்:
பழைய கதை பேசாதீங்க. கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டைக்குள்ள வந்துட்டார். அதுவும் எங்க சத்துவாச்சாரியில இருந்து!

பாலாறு மணல்:
பழமொழிக்கு யாராவது தேதி பார்ப்பாங்களாபா? ஏதோ நீயே தூக்கினு போய் வெச்ச மாதிரி பேசுற.

சத்துவாச்சாரி சிங்கம்:
ஊரைப் பத்திப் பேசினா தேதி பார்க்கணும். வாத்தி சார், ஒரு சந்தேகம். நீங்க நெட், அதான் காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு, எத்தனாவது அட்டெம்ப்ட்ல பாஸ்?

காட்பாடி வாத்தி:
அது இங்க சம்பந்தமில்லாதது.

சத்துவாச்சாரி சிங்கம்:
நாலாவது. நான் உங்க பின் பெஞ்சுலதான் எழுதினேன், மறந்துட்டீங்க.

காட்பாடி வாத்தி:
நாலாவதோ நாப்பதாவதோ, எனக்கு ஒன் பை எக்ஸ் தெரியும்.