படம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் மனதில் நெருடிய ஒன்று: உங்கள் அனுபவம்?

வெட்டவெளி:
செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு, பெயர் வேண்டாம். கட்டடப் படங்களுக்கான பயிலரங்கு. அந்த மாதிரி வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், முகப்பில் நின்றால் வளவை (நடு முற்றத்தை) தாண்டி, பின்கட்டைத் தாண்டி, அடுத்த தெரு வாசல் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரியும். சொல்லிக்கொடுத்தவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ட்ரைபாடை இடுப்பு உயரத்துக்கு இறக்கு, கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காதே, தேக்குத் தூண்கள் தானாக நேராக நிற்கும் என்றார், நின்றன. லென்ஸில் மாட்டியிருந்த போலரைசர் வடிகட்டியைக் கழற்றச் சொன்னார், ஆத்தங்குடித் தரையின் பளபளப்பை அது தின்றுவிடுமாம். யூடியூபில் எவ்வளவு பார்த்தும் மண்டையில் ஏறாதது அங்கே தரையில் குந்தியிருந்தபோது ஏறியது.

பதினோரு மணி வாக்கில் வளவுக்குள் வெயில் இறங்கியது. சரியாக அந்த வெயில் விழும் இடத்தில் ஒரு ஆச்சி பாய் விரித்து மோர்மிளகாய் காயவைத்திருந்தார். ஆசிரியர் போய், “ஆச்சி, அஞ்சு நிமிசம் உள்ள உக்காருங்க, தூண் வரிசைய மறைக்குது” என்று சொல்லிவிட்டு, பாயை அவரே நிழலுக்கு இழுத்துப் போட்டார். மிளகாய் நாலைந்து தரையில் உருண்டது. ஆச்சி கோபப்படவில்லை. “வெயிலு இங்கிட்டுத்தானப்பா விழுகுது” என்றார், அவ்வளவுதான். நாங்கள் ஆளாளுக்கு பிராக்கெட் போட்டு (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில்) எடுத்து முடிக்கும் வரை முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார், அதற்குள் வெயில் தூண் பக்கம் நகர்ந்துவிட்டது. படம் பிரமாதமாக வந்தது. பார்க்கிறவர்கள்தான் “பூட்டிக் கிடக்கிற வீடா?” என்று கேட்கிறார்கள்.

நீலநேரம்:
எனக்கு மாமல்லபுரம். மே மாதக் கடைசி, “கடற்கரைக் கோயிலில் சூரிய உதயம்” என்று விளம்பரம். சென்னையிலிருந்து ராத்தூக்கம் கெட்டுப் போய் நின்றால் கதவு 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த மாதத்தில் சூரியன் 5:40 வாக்கிலேயே வந்துவிடும். கோயில் கிழக்குப் பார்த்தது, முதல் வெளிச்சம் நேராக அதன் முகத்தில்தான் விழும், நாங்கள் அதைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தோம். நடத்தியவர் “ஒளி இன்னும் மென்மையாத்தான் இருக்கு” என்று சமாளித்துக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்த காவலர் போகிற போக்கில், “ஜனவரியில வாங்க சார், நான் தெறந்தப்புறம்தான் சூரியன் வரும்” என்றார். அன்று உருப்படியாகக் கிடைத்த பாடம் அது ஒன்றுதான்.

அப்புறம் வெட்டவெளி, உங்கள் ஆசிரியர் செய்ததில் என்ன தப்பு? காசு கொடுத்துத்தானே உள்ளே போயிருப்பீர்கள். ஐந்து நிமிடம்தானே கேட்டார்.

கருங்கல்:
@நீலநேரம், காசு யார் கைக்குப் போயிருக்கும்? அந்த வீடுகளில் பங்காளிகள் எத்தனையோ பேர், அதில் ஆச்சிக்கு ஏதாவது கிடைத்ததா என்று நீங்கள் கேட்டீர்களா? அதை விடுங்கள், படத்துக்கே ஆள் வேண்டும். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி, கீழே ஒரு மனுஷன் நடந்து போகாத படத்தில் அது அலமாரிப் பொம்மை மாதிரி இருக்கும்.

என் கதையும் அங்கேதான், சின்னது. பயிலரங்கில் எல்லோரும் ட்ரைபாடை விரித்தோம், விரித்த கையோடு காவலர் வந்து மடக்கச் சொன்னார். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இதைக் கற்பிக்க வந்தவருக்கே தெரியவில்லை, எங்களைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கோபுரம் பின்னால் சாய்வது லென்ஸின் குற்றம் இல்லை, நீங்கள் அண்ணாந்ததுதான். கேமராவை நிமிர்த்தியே பிடியுங்கள், செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள், எவ்வளவு பின்னால் போக முடியுமோ போங்கள், தரை நிறைய வரும், வரட்டும், பிறகு வெட்டிவிடலாம். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், வெட்டுகிற வேலையை முன்கூட்டியே செய்துவிடும், விலைதான் அதிகம், வாடகைக்கு எடுங்கள். இடம் போதாமல் அண்ணாந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள், மென்பொருளில் நிமிர்த்தும்போது உச்சி இழுபட்டு ஓரமெல்லாம் போய்விடும். ட்ரைபாட் இல்லாத இடத்தில் தூணில் முதுகைச் சாய்த்து ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றுங்கள், 1600க்கெல்லாம் பயப்படாதீர்கள். மாலையில் கிழக்கு வாசல் பக்கம் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், கல்லின் நிறம் வேண்டுமென்றால் மேற்குத் திருச்சுற்றுக்குப் போங்கள். கால் சுடும், சாக்ஸ் எடுத்துப் போங்கள். முக்கியமாக JPEG வேண்டாம், RAW கோப்பாக எடுங்கள்.

மலைப்பாதை:
@கருங்கல், ஆச்சி கதைக்குக் கீழே ஐஎஸ்ஓ வகுப்பா? யாரும் கேட்கவில்லையே ஐயா. (சாக்ஸ் யோசனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

நான் போனது கொழுக்குமலை, தேயிலைத் தோட்ட மலை. இருட்டில் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கி மேலே போனோம், அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். பயிலரங்கு நடத்தியவர் எங்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் ஒரு பாறை, நடுவில் மேகம், மேலே சூரியன், லென்ஸ் துளை எஃப் 11, எல்லோரும் அகல லென்ஸ் என்றார். கூட வந்த ஒரு பெண் மட்டும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ் போட்டு, தேயிலைச் சரிவில் வெளிச்சம் மடிப்பு மடிப்பாக இறங்குவதை எடுத்துக்கொண்டிருந்தார். “அங்க ஒண்ணும் இல்லம்மா, இந்தப் பக்கம் வாங்க” என்று இவர் மூன்று தடவை கூப்பிட்டார். அவர் அசையவில்லை. அன்று ராத்திரி எல்லோருடைய இணையப் பக்கத்திலும் அதே பாறை, அதே சூரியன், அந்தப் பெண்ணின் படம் மட்டும் வேறு. நடத்தியவர் அதைத்தான் அடுத்த பயிலரங்கு விளம்பரத்துக்குக் கேட்டு வாங்கினார், பெயர் போட்டாரா என்று பார்த்தேன், போடவில்லை.

போகிறவர்கள் ஜீப் வாடகை கட்டணத்தில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்களிடம் மேலே போன பிறகுதான் கேட்டார்கள்.