கலைச்சொல்: காற்றில் ஓடிய வாள்பட்டறையும் ‘வணரி’யும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காற்றில் ஓட்டிய மரம் அறுக்கும் இயந்திரத்தைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்ச்சொல் தேடிப் புறப்பட்டவர்கள், மூன்று நாளாகக் ‘காற்றாலை’யை விட்டு நகரவில்லை. என் பங்குக்கு நானும் ஒரு சுற்று.

> காற்றாலை என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

காற்றாலை என்றதும் இன்று நம் கண்முன் நிற்பவை முப்பந்தலும் கயத்தாறும்தான். உயர்ந்த கம்பம், மூன்று இறக்கை, மின்சாரம். அய்ட்கேஸ்ட் ஊர் விவசாயி கொர்னேலிஸ் கொர்னேலிஸ்சோன் 1594இல் நிறுவியது அதுவல்ல. மாவரைக்கும் ஆலையும் அல்ல. அது முழு மரத்தைப் பலகையாக அறுத்தது. தலைப்பிலேயே அது தெரிய வேண்டும்.

‘காற்றறுவை ஆலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘அறுவை’ என்றால் ஒரு பக்கம் மருத்துவமனை, மறுபக்கம் விடாமல் பேசிக் கழுத்தறுக்கும் நண்பர். இரண்டுமே இங்கே உதவாது. மரம் அறுக்கும் இடத்துக்கு நம்மிடம் ‘வாள்பட்டறை’ இருக்கிறது. அதன் முன்னால் காற்றைச் சேர்த்துக் ‘காற்று வாள்பட்டறை’ என்போம்.

> எங்கள் பக்கம் மரம் அறுப்பதில்லை, அரிவோம். மரம் விற்கும் இடம் மரக்காலை.

யாழ்ப்பாணத்து ஐயா சொல்வது சரி. ‘மரம் அரிதல்’ அழகான வழக்கு. தமிழகத்து வாசகருக்கோ அரிதல் என்றால் கத்தரிக்காயும் அரிவாள்மணையும்தான். கட்டுரையின் முதல் பத்தியில் இரண்டையும் சொல்லிவிடலாம்.

இனி எனக்கு முக்கியமான சொல்லுக்கு வருகிறேன்: காற்றில் சுற்றும் பாயின் விசையை வாளுக்குக் கொண்டுபோகும் ‘கிராங்க் ஷாஃப்ட்’.

> கிராங்க் ஷாஃப்டுக்குச் ‘சுழல்தண்டு’ போதும்.

போதாது. சுழல்பவை எத்தனையோ உண்டு. மாட்டுவண்டியின் சக்கரமும் சுழல்கிறது, கிணற்று ராட்டினமும் சுழல்கிறது. இந்தத் தண்டின் சிறப்பு அது வளைந்திருப்பதுதான். செக்கை நினைத்துப் பாருங்கள்: மாடு சுற்றுகிறது, உலக்கையும் சுற்றுகிறது. சுற்றைச் சுற்றாகவே பயன்படுத்தும் வேலை அது. மாவரைப்பதும் அப்படியே. அதனால் காற்றை மாவுக்குக் கட்டிப்போடுவது எளிது. வாள் சுற்றக் கூடாது. மேலும் கீழும் போய்வர வேண்டும். பாயின் சுற்றை வாளின் ஏற்ற இறக்கமாக மாற்றியது நடுவில் மடங்கி நிற்கும் அந்தத் தண்டு. தையல் இயந்திரத்தில் இதே வித்தை தலைகீழாக நடக்கிறது: மிதிபலகை ஏறி இறங்க, சக்கரம் சுற்றுகிறது.

எனவே கிராங்குக்கு ‘வணரி’, கிராங்க் ஷாஃப்டுக்கு ‘வணரித்தண்டு’. இது என் கண்டுபிடிப்பு அல்ல, முன்பே சிலர் எடுத்தாண்டது. வணர்தல் என்றால் வளைதல். யாழின் வளைந்த கோட்டைச் சங்கப் புலவர்கள் ‘வணர்கோடு’ என்றார்கள். வடிவத்தைச் சொல்லும் சொல் என்பதால் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பழுது பார்க்கும் கடையில் ‘கிராங்க்’ என்றே இருக்கட்டும். அங்கே போய் நாம் திருத்த வேண்டாம்.

கட்டுரையின் வரைவில் ஒரு பிழை: ‘வணரியைக் கண்டுபிடித்தவர் கொர்னேலிஸ்’ என்று இருக்கிறது. நீக்கிவிடுங்கள். இன்றைய துருக்கியிலுள்ள ஹியராபோலிஸில், கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டி ஒன்றில், தண்ணீரில் ஓடும் கல்லறுக்கும் இயந்திரம் வணரியோடு செதுக்கப்பட்டிருக்கிறது. (கல்லறையில் கல் அறுப்பு, சிலேடை நான் செய்ததல்ல.) கொர்னேலிஸ் செய்தது, அதைக் காற்றோடும் மரத்தோடும் சேர்த்தது. நீர்வீழ்ச்சிக்கு வழியில்லாத தட்டையான நாட்டில் அதுவே பெரிய காரியம். 1593 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். தெப்பத்தின்மேல் கட்டிய அவருடைய முதல் பட்டறை 1596இல் சான் ஆற்றங்கரை ஊரான சான்டாமுக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டுரையில் இன்னும் விரித்து எழுத வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததை. மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று இழுக்கும் வாளுக்கு 60 மரம் அறுக்க 120 நாள் ஆகும். காற்றில் நான்கைந்து நாளில் முடியும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு சட்டத்தில் பல வாள்களை வரிசையாக மாட்டலாம் என்பதால், ஒரே ஓட்டத்தில் மரம் முழுவதும் பலகையாகிவிடும். ஆம்ஸ்டர்டாமில் மரம் அறுப்போர் சங்கம் இதை உள்ளே விடவில்லை. சான் ஆற்றங்கரையில் தடுக்கச் சங்கம் இல்லை. பட்டறைகள் அங்கே குவிந்தன. நார்வேயிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் மரம் வந்து இறங்கியது, பக்கத்திலேயே கப்பல் கட்டும் துறைகள் எழுந்தன. 1697இல் ருஷ்யாவின் பீட்டர் மன்னர் கப்பல் கட்டும் கலை பயில வந்து இறங்கியதும் இதே சான்டாமில்தான். லண்டனிலோ 1768இல்கூட, லைம்ஹவுஸில் காற்றில் ஓடிய பட்டறையை மரம் அறுப்போர் கூட்டமாகப் போய் உடைத்தார்கள். ‘எதிர்ப்பு இருந்தது’ என்ற ஒற்றை வரியோடு வரைவு இதைக் கடந்துவிடுகிறது. கூலி போனவனின் கோபத்துக்கு ஒரு பத்தியாவது கொடுங்கள்.

‘இறக்கை’யா ‘பாயா’ என்ற சண்டைக்கு என் வாக்கு பாய்க்கே. மரச்சட்டத்தின்மேல் துணியைத்தான் விரித்தார்கள், காற்று மிகுந்தால் சுருட்டினார்கள்.

மிச்சம் ஒன்று. வாள் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும், ஒரு பற்சக்கரம் பல் பல்லாக நகர்ந்து மரத்தை முன்னே இழுக்கிறது. அது பின்னால் திரும்பாதபடி ஒரு சிறு நாக்கு விழுந்து பிடிக்கிறது. அந்த நாக்குக்குச் சொல் வேண்டும். கைத்தறியில் துணி சுற்றும் உருளையிலும் இதே நாக்கு உண்டு. தறிக்காரர் வீட்டு நண்பர்கள் யாராவது, உங்கள் வீட்டில் அதை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை வரைவில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்