நம் ஆசையில் எது நம்முடையது? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர்:
காதலர்கள் என்றாலே முத்தம் என்று சினிமா நம் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது. ஆனால் 168 பண்பாடுகளை அலசி 2015-இல் வந்த ஒரு மானிடவியல் ஆய்வில், உதட்டு முத்தம் காதலின் பகுதியாக இருந்தது 46 சதவீதத்தில் மட்டும்தான். முத்தத்துக்கே இந்தக் கதி என்றால், இயற்கை என்று நாம் சொல்லிக்கொள்ளும் மற்ற ஆசை, கூச்சம், பயம் எல்லாம்? "இது ஊர் சொல்லிக்கொடுத்தது" என்று உங்களுக்கு உறைத்த சம்பவம் இருந்தால் எழுதுங்கள்.

மனநல ஆலோசகராக இருக்கும் உறுப்பினர்:
கல்யாணம் நிச்சயமான ஒருவர் வந்தார். கையில் தடியான ஃபைல். ரத்தம், சிறுநீர், ஹார்மோன், ஸ்கேன், எல்லாம் நார்மல். ஆனாலும் சுயஇன்பத்தால் உடம்பு உளுத்துப்போய்விட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "ஒரு சொட்டு விந்துக்கு நாற்பது சொட்டு ரத்தம் சார்" என்றார்.

நான் வாதாடவில்லை, ஒரு பழைய கதையைச் சொன்னேன். திஸ்ஸோ என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1760-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் ரத்தத்தை இழப்பதைவிட மோசம் என்பது அவர் கணக்கு. ஐரோப்பிய மருத்துவர்கள் நூறு வருடத்துக்கு மேல் இந்தப் பயத்தை வைத்து நோயாளிகளை மிரட்டினார்கள். இன்றைய மருத்துவத்தில் அதற்கு இடமே இல்லை.

"அங்கேயும் நாற்பதா?" என்று சிரித்துவிட்டார். மணிக்கணக்கில் உடற்கூறு விளக்கியிருந்தாலும் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. (அவருடைய களைப்பும் முதுகுவலியும் பொய்யில்லை. பயம் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் உடம்பு வலிக்கத்தானே செய்யும்?)

பெயர் வேண்டாம் என்ற உறுப்பினர்:
எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்றபோது, "இது நோய், மாத்திரையில் சரியாகிவிடும்" என்றார் ஒரு டாக்டர். எண்பதுகளில் நடந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்ப, மறு வருடம் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 58 சதவீதம் பேர் நீக்கியது சரி என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 வரை இழுத்தது. மாத்திரைக்கு அசையாமல் ஓட்டுப் போட்டதும் குணமான நோய் என்னுடையதாகத்தான் இருக்கும்!

இன்னொரு உறுப்பினர்:
என் கதை வேறு. கல்யாணமானதிலிருந்தே உறவின்போது வலி. அம்மா, அக்கா, தோழி எல்லாரும் "போகப் போகச் சரியாகிடும்" என்றார்கள். உனக்கு விருப்பம் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கணவர் கெட்டவரில்லை, அவருக்கும் யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு டாக்டர் பொறுமையாகப் பரிசோதித்தார். தொடப்போகிறார்கள் என்றதுமே பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் தாமாக இறுகிக்கொள்கின்றன என்றார். அந்தத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, மூச்சை நிதானமாக விடுவது, இருவரும் அவசரப்படாமல் இருப்பது என்று போய், மெல்ல மெல்லச் சரியானது.

பெண்ணுக்கு ஆசை குறைவு என்பதை ஆதிகாலத்து உண்மை மாதிரி சொல்வார்கள். பெரும்பாலான பெண்களைக் காம உணர்வு அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பு அதே ஐரோப்பாவில், பெண்களுக்குத்தான் காமம் அதிகம் என்று பயந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு கணக்கு. எங்களிடம் கேட்டவர்தான் யாருமில்லை.

மனநல ஆலோசகர் மறுபடியும்:
மேலே எழுதியவருக்கு நன்றி. இதே வலி உள்ளவர்கள் டாக்டரிடம் போகும்போது, தொற்றோ கட்டியோ இல்லை என்று உறுதியான பிறகு, இடுப்புத்தளப் பிசியோதெரபி உதவுமா என்று நீங்களாகவே கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் சொல்கிறார்கள். முடிந்தால் கணவரையும் கூட அழைத்துப் போங்கள்.