தடுப்பூசி போட்டாச்சு, புண்ணில் ஊசி போடவில்லை. நேரம் கடந்துவிட்டதா?

கேள்வி:
நேற்று சாயங்காலம் டியூஷனிலிருந்து வரும்போது தெருநாய் என் மகளைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. 6 வயது, 18 கிலோ. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு தடவிவிட்டார்கள். நான் வந்துதான் கழுவினேன். கிளினிக்கில் கையில் தடுப்பூசி போட்டு, 3ஆம் நாள் வரச் சொன்னார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை.

பதில்:
கடக்கவில்லை அம்மா. 22 வருடம் ஊசி அறையில் இருந்த நர்ஸ் நான். ரத்தம் வந்தாலே மூன்றாம் வகைக் கடி, அதாவது மிக ஆபத்தான வகை. இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்புப் பொருளும் வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை புண்ணிலேயே ரேபிஸ் வைரஸை மடக்குவது இந்த மருந்துதான். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போடலாம், ஆனாலும் இன்றே போங்கள். இந்த மருந்தில் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், உங்கள் பிள்ளைக்கு 720. மனிதச் சீரம் என்றால் அதில் பாதி. ஒவ்வொரு பல் தடத்துக்குள்ளும் சுற்றியும் ஊசி இறங்கும். வலிக்கும், அலறுவாள், மடியில் வைத்து முகத்தை உங்கள் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசித் தவணை எதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பதில்:
சீரம் இல்லையென்றால் மோனோகுளோனல் (ஆய்வகத்தில் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள்) இருக்கிறதா என்று கேளுங்கள். அண்ணன் மகனுக்கு அந்த வகையான ரேபிஷீல்டுதான் போட்டோம், கிலோவுக்கு 3.33 யூனிட்.

கேட்டவர்:
11 மணிக்கு அரசு மருத்துவமனையில் போட்டாச்சு அக்கா. ஆறு குத்து. என் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே இருந்தாள், இப்போது தூங்குகிறாள்.